சவேரியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றலாமா?

கேள்வி: சின்ன வயதிலிருந்தே அம்மாவோடு கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவேன். கல்யாணமாகி வந்த வீட்டில், "சிவனைக் கும்பிடுகிறவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று மாமியார் கேட்கிறார். நான் செய்வது தப்பா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: தப்பே இல்லை சகோதரி. மகா சிவராத்திரிக்கு நம் குமரி மாவட்டத்தில் முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை, கையில் விசிறியோடு பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் ஓடுகிறார்களே, அந்தச் சிவாலய ஓட்டத்தில் என்ன சொல்லிக்கொண்டு ஓடுகிறார்கள்? "கோவிந்தா, கோபாலா" என்றுதான். ஓடுவது சிவனைப் பார்க்க, வாயில் வருவது பெருமாள் பெயர். ஒரு காலத்தில் சைவரும் வைணவரும் எவ்வளவு கடுமையாகச் சண்டை போட்டார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

அது நம் சாமிகளுக்குள்ளே நடப்பது, கிறிஸ்தவம் வேறு மதம் ஆயிற்றே என்று மாமியார் கேட்கலாம். சரி, நியாயமான கேள்விதான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்" என்கிறது. அதாவது நீங்கள் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாகவே சிவன் வந்து அருள் செய்வான். எல்லாத் தெய்வமும் சமம் என்று அது சொல்லவில்லை, சிவனே பெரியவன் என்பதில் சைவம் உறுதியாகத்தான் நிற்கிறது, ஆனால் அந்த உறுதியை வைத்துக்கொண்டே அடுத்தவருடைய வழிபாடு வீண் போகாது என்று சொல்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்களான மகாவீரரும் பார்சுவநாதரும் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பெருமையைப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 1936 நவம்பர் 12-இல், நம் பகுதி அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வரும்வரை நம்மவர்களிலேயே பெரும்பகுதியினரைச் சாதி சொல்லிக் கோயில் வாசலிலேயே நிறுத்தினோம். இங்கே பலர் கிறிஸ்தவத்துக்குப் போனதற்கு அந்த அவமானமும் ஒரு காரணம். அவர்கள் வேறு யாரோ இல்லை, நம் சொந்தபந்தம்தான்.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். வரும் சிவராத்திரிக்கு அவரோடு திருநட்டாலம் போய், சிவனும் பெருமாளும் ஒரே உருவான சங்கரநாராயணரைக் கும்பிட்டுவிட்டு வாங்க. அப்புறம் டிசம்பர் 3, சவேரியார் திருநாள் வரும்போது கோட்டாற்றுக்கு அவரையும் கூப்பிடுங்கள். வர மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், நீங்கள் போய்விட்டு வாருங்கள்.