சிறிய படைப்புத் தொழிலுக்கு எப்படிப் பெயர் தேர்ந்தெடுப்பது? சொந்தப் பெயரையே வைக்கலாமா?

ஓவியங்களும் வாழ்த்து அட்டைகளும் செய்து விற்கத் தொடங்கவிருக்கும் நீங்கள், சொந்தப் பெயரையே வைப்பதா, புதுப்பெயர் ஒன்றைத் தேடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். சிறு தொழில்களுக்குச் சின்னமும் எழுத்தமைப்பும் செய்து தருவது என் வேலை என்பதால், புதிதாகப் பெயர் சூட்டிக்கொண்டு வருபவர்களையும், சூட்டிய பெயரோடு சில ஆண்டுகள் மல்லாடிவிட்டு அதை மாற்ற வருபவர்களையும் பார்க்கிறேன். இரண்டாம் வகையினர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள்: செய்யும் தொழிலைப் பெயரே விளக்கிவிட வேண்டும் என்று எண்ணியிருக்கிறார்கள்.

படைப்புத் தொழில் செய்பவர் இன்று செய்வதையே நாளையும் செய்வார் என்பதற்கு உறுதியில்லை. பெயரில் 'காகிதம்' என்று வைத்துக்கொண்டவர் துணியில் அச்சிடத் தொடங்கிய பிறகு, வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. 1946இல் டோக்கியோ தகவல் தொடர்புப் பொறியியல் நிறுவனம் என்ற பொருள்படும் நீண்ட ஜப்பானியப் பெயரோடு தொடங்கிய நிறுவனம், 1958இல் சோனி என்று பெயரை மாற்றிக்கொண்டபோது, அதன் பின்னால் மின்னணுத் தொழில் என்பதைக் குறிக்கும் சொல்லையாவது சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தது. எதிர்காலத்தில் என்ன செய்வோம் என்பதை இப்போதே பெயரில் கட்டிப்போட வேண்டாம் என்று கருதி அதை ஏற்காமல் விட்டார்கள். சிறு தொழிலுக்கு இது இன்னும் பொருந்தும். ஏனெனில் அது இன்னும் விரைவாகத் திசை மாறும்.

விளக்கும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் குறைவு. 'அழகிய அட்டைகள்' என்பது எல்லா அட்டை வியாபாரிகளும் பயன்படுத்த வேண்டிய சொற்கள் என்பதால், அதை ஒருவருடைய வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பதிவுசெய்வது பெரும்பாலான நாடுகளில் கடினம். தொழிலோடு தொடர்பே இல்லாத சொல்லுக்கும், 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் பதிவுசெய்த கோடக் போலப் புதிதாகப் புனைந்த சொல்லுக்கும் பாதுகாப்பு எளிதில் கிடைக்கும். வணிகக் குறிகளைப் பன்னாட்டளவில் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அச்சிட்ட அட்டைகள் 16ஆம் வகுப்பிலும், பிறருக்கு வடிவமைத்துக் கொடுக்கும் சேவை 42ஆம் வகுப்பிலும் வருகின்றன. உங்கள் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று இரண்டு வகுப்புகளிலும் தேடிப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இல்லை என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். ஒலியில் நெருங்கிய பெயரும் தடையாகலாம். தொழிலைப் பதிவுசெய்வது வேறு, வணிகக் குறியைப் பதிவுசெய்வது வேறு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, பெயரைக் காதில் போட்டுப் பார்க்க வேண்டும். அமேசானுக்கு 1994இல் முதலில் வைத்த பெயர் கடாப்ரா. தொலைபேசியில் கேட்ட வழக்கறிஞரின் காதில் அது சடலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக விழுந்ததால் கைவிடப்பட்டது. நீங்களும் தொலைபேசியில் பெயரை ஒரே ஒருமுறை சொல்லி, கேட்டவரைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயராக இருந்தால் ரோமன் எழுத்திலும் அனுப்பச் சொல்லுங்கள்: 'எழில்' என்பதில் வரும் ழகரத்துக்கு ஒருவர் இசட், ஹெச் இரண்டையும் போடுவார், இன்னொருவர் எல் மட்டும் போடுவார், உங்கள் இணைய முகவரியைத் தேடுபவர் எதைப் போடுவார் என்று உங்களால் சொல்ல முடியாது. அதற்காக நல்ல தமிழ்ச் சொல்லை விட்டுவிட வேண்டாம். ழகரமோ நெடிலோ குழப்பாத சொல்லாகப் பார்த்தால் போதும்.

கண்ணும் உண்டு. வாழ்த்து அட்டையின் பின்பக்கத்தில், கீழ் ஓரத்தில் உங்கள் பெயருக்குக் கிடைப்பது இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத இடம். நான்கு சொற்கள் கொண்ட பெயரை அங்கே அடைத்தால், சொரசொரப்பான தாளில் மை பரவி, மெய்யெழுத்தின் புள்ளிகள் முதலில் காணாமற்போகும். பிறகு 'ல்' எது, 'ல' எது என்று வாடிக்கையாளர்தான் ஊகிக்க வேண்டும். திரையில் பெரிதாகப் பார்த்து மயங்காமல், அந்த அளவில் ஒரு தாளில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி, சொந்தப் பெயர். ஓவியத்தை வாங்குபவர் வரைந்தவரையும் சேர்த்தே வாங்குகிறார். ஆகவே ஓவியங்களுக்கு உங்கள் பெயரைவிடச் சிறந்த பெயர் இருக்க முடியாது என்பது என் கருத்து. அட்டைகள் அப்படியல்ல. நாளை அவற்றை வெட்டவும் மடிக்கவும் ஏன், வரையவுமே வேறொருவர் சேரலாம். தொழிலையே பிறருக்கு விற்கவும் நேரலாம். அப்போது உங்கள் பெயர் உங்களோடு வர மறுக்கும். எனவே உங்களுக்கு நான் சொல்வது: ஓவியத்தின் மூலையில் உங்கள் பெயர், அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று அசை கொண்ட தனிப்பெயர். அந்தத் தனிப்பெயரை நண்பர்களின் வாக்குக்கு விடாதீர்கள். வாக்கெடுப்பில் வெல்வது யாருக்கும் உறுத்தாத பெயர், அதாவது யாருக்கும் நினைவில் நிற்காத பெயர். முடிவு செய்ததும், வெளியே அறிவிப்பதற்கு முன்பே இணைய முகவரியையும் சமூக ஊடகக் கணக்குகளையும் அன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.