மேல்துண்டும் ஷெர்வானியும்

கேள்வி: பெரியாருக்குக் காசியில் சோறு கிடைக்கவில்லை, நாத்திகர் ஆனார். கலைஞரை மேல்துண்டை இடுப்பில் கட்டச் சொன்னார்கள், இயக்கத்துக்குப் போனார். சொந்த அவமானத்தில் பிறந்த கோபத்தை நாம் ஏன் கொள்கை என்று கொண்டாட வேண்டும்?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: உங்கள் கணக்கில் இருபது ஆண்டுகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. ஈ.வெ.ரா. காசிக்குப் போனது 1904-இல். பிராமணர்களுக்கு மட்டுமே சோறு போட்ட சத்திரத்திலிருந்து விரட்டப்பட்டு, எச்சில் இலையில் பசியாறி ஊர் திரும்பியவர், மறுநாளே கடவுள் இல்லை என்று முழங்கிவிடவில்லை. ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டியில் பொறுப்பேற்றுக் கோயில் நிர்வாகம் பார்த்தார். நகராட்சித் தலைவராக இருந்தார். காங்கிரசில் சேர்ந்து கதர் விற்றார். 1924-இல் வைக்கத்தில் சிறை சென்றபோதும் அவர் காங்கிரஸ்காரர்தான். சேரன்மாதேவி குருகுலத்தில் பொதுப் பணத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி நடந்ததும், 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் (எல்லாச் சமூகத்தாருக்கும் உரிய பங்கு வேண்டும் என்பது) எடுபடாமல் போனதும்தான் அவரைக் காங்கிரசை விட்டு வெளியே கொண்டுவந்தன. காசி ஒன்றே போதுமென்றால் இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று? மேடைப் பேச்சாளருக்குக் காசி வசதியானது, ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடலாம். வகுப்புவாரி உரிமையை விளக்க அரை மணி நேரமாவது வேண்டும், கூட்டம் கலைந்துவிடும்.

கலைஞர் விஷயத்துக்கு வருகிறேன். 1924-இல் திருக்குவளையில் இசைவேளாளர் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவனாக நாகசுரம் கற்கப் போன இடத்தில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததையும், அதுவே தன் முதல் அரசியல் வகுப்பு ஆனதையும் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். மறுப்பதற்கில்லை. ஆனால் அதே டெல்டாவில், அதே சமூகத்தில், அதே வாத்தியத்தில் இன்னொருவர் இருந்தார். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, நாகசுரக்காரர் திறந்த மேனியுடன் நிற்க வேண்டும் என்ற வழக்கத்தைச் சட்டை, ஷெர்வானி, கிராப்புத் தலை என்று ஒவ்வொன்றாக உடைத்தார். ஆதீன வித்துவானாகவும் இருந்தார். அவர் கட்சி தொடங்கவும் இல்லை, கோயிலைத் துறக்கவும் இல்லை. தோடி ராகத்தை வாசித்துவிட்டு, தனக்குரிய மரியாதையை அதிகாரமாகக் கேட்டு வாங்கினார். துண்டுதான் அரசியலைத் தீர்மானிக்கும் என்றால் இருவரும் ஒரே மேடையில் அல்லவா நின்றிருக்க வேண்டும்?

இதைவிடத் தெளிவான சாட்சி உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைச் சிறுமியாக இருக்கும்போதே பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் தாசி ஒருவரிடம் விற்றுவிட்டார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் அந்த முறையையே வேரோடு பிடுங்க வேண்டும் என்று காங்கிரசிலும் பிறகு சுயமரியாதை இயக்கத்திலும் ஊர் ஊராகப் பேசினார். அதே தேவதாசி மரபில் நஞ்சன்கூட்டில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொந்தப் பணத்தில் சமாதிக் கோயில் கட்டினார். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றவர்களுக்கு எதிராகப் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். ஆனால் சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்ட முயற்சியைத் தேவதாசிகள் சங்கத்தின் முன்வரிசையில் நின்று எதிர்த்தார். அந்த முயற்சியைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவரோ புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயாரும் அதே மரபில் வந்தவர்தான். ஒரே மரபின் நிழலில் வளர்ந்த மூன்று பெண்மணிகளில் ஒருவர் பகுத்தறிவுப் பக்கம் போனார், ஒருவர் பக்தியை விடாமல் பிடித்துக்கொண்டார், மூன்றாமவர் சட்டத்தை நம்பினார். மூவரில் நாகரத்தினம்மாளை மட்டும் 'பழமைவாதி' என்று ஒதுக்கிவிடுவது நம் மேடைகளின் சோம்பல் என்பது என் எண்ணம். திருவையாற்றில் அவர் நடத்தியது சிறிய போராட்டம் அல்ல.

அனுபவத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1949-இல் பெரியார் தம்மைவிட மிக இளையவரான மணியம்மையை மணந்ததை ஏற்காமல் இராமாமிர்தம் அம்மையார் பிரிந்து தி.மு.க.வுக்குப் போனதற்குப் பின்னால், வயது முதிர்ந்த ஆண்களும் இளம்பெண்களும் என்ற விஷயத்தில் அவர் கண்டும் கேட்டும் வளர்ந்ததெல்லாம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பட்டவருக்குத்தான் வலி சட்டென்று கண்ணில் படும். அந்த வலிக்கு என்ன வழி என்று முடிவு செய்வது படிப்பு, சகவாசம், கேட்ட பேச்சு, கிடைத்த அமைப்பு, அவரவர் புத்தி ஆகிய எல்லாம் சேர்ந்து. கொள்கை உறுதியான பிறகு, கடந்த வாழ்க்கையில் எந்தச் சம்பவத்தை முன்னிறுத்திச் சொல்வது என்பதையும் அந்தக் கொள்கையே தேர்ந்தெடுக்கிறது என்பதைத் தன்வரலாறு படிக்கும்போது மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சமணத்தில் இருந்த திருநாவுக்கரசர் சூலை நோயால் துடித்து, திருவதிகையில் நோய் தீர்ந்து சைவத்துக்குத் திரும்பினார் என்கிறார் சேக்கிழார். திருப்புகலூரில் முக்தி பெற்ற அந்தப் பெரியவரின் பக்தியை 'வயிற்றுவலியின் விளைவு' என்று நீங்கள் எழுதுவீர்களா? எழுத மாட்டீர்கள், எழுதவும் கூடாது. கடவுளிடம் கொண்டு சேர்த்தால் அனுபவம் அருள், கடவுளை மறுக்க வைத்தால் அதுவே வெறும் ஆத்திரம் என்று இரண்டு படிகளை வைத்து அளக்கிறீர்கள். எதிர்முகாமில் இருப்பவர்களும் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். அவர்கள் கடிதம் எழுதினால் அவர்களுக்கும் இதே பதில்தான்.

கடைசியாக, அவமானம் எதுவும் படாமலே வந்தவர்களை உங்கள் கணக்கில் எங்கே வைப்பீர்கள்? கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1940-களில் கீழத்தஞ்சைக்கு வந்து பண்ணையாட்களின் குடிசைகளில் தங்கி, சவுக்கடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் எதிராக அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். அந்தச் சவுக்கு அவர் முதுகில் விழ வேண்டிய பிறப்பு அல்ல அவருடையது. திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அவருடைய அரசியலை எந்தச் சொந்த அவமானத்திலிருந்து வருவித்துக் காட்டுவீர்கள் என்று எழுதுங்கள். ஒரு வரி வெட்டாமல் பிரசுரிக்கிறேன்.