தாத்தா வீட்டு உத்திரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார்

கேள்வி: குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வெல்டிங் வேலைக்குப் போகிறேன். கோவில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் போன வருடம் இடித்தோம். அதில் 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 5 அங்குல கனத்தில் ஓர் அயனி மர உத்திரம் கிடைத்தது. அதை விற்க மனம் வரவில்லை. அதில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை முழுக்க முழுக்க நானே செய்ய வேண்டும், கழுத்து உட்பட. குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே தன் அப்பாவோடு சேர்ந்து பழைய மரத்தில் செய்துகொண்டார் அல்லவா? டிசம்பர் கரோலுக்குள் முடிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உத்திரத்தை விற்காமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கே முதலில் ஒரு சபாஷ். நம் மாவட்டத்தில் ஓட்டு வீடுகள் இடிபடும்போது நல்ல தேக்கும் அயனியும் பலாவும் லாரியில் ஏறிப் போய்விடுகின்றன. கழுக்கோல்கள் (கூரைச் சட்டங்கள்) விறகாகின்றன. ஒரு தலைமுறை நிழல் தந்த மரம் அடுத்த தலைமுறையின் கையில் இசையாவது எனக்கு மிகவும் பிடித்த காரியம். அதனால்தான் உங்கள் ஆசையில் ஒரு பாதியை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். உடலை நீங்களே செய்யுங்கள். கழுத்தை விலைக்கு வாங்குங்கள்.

பிரையன் மே கதையைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறீர்கள். 1963-ல் தொடங்கினார்கள். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்து மஹாகனி. அதிலிருந்த புழு ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். கம்பிகளின் சுருதியை ஆட்டும் நெம்புகோல் அமைப்பான ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங். எல்லாம் உண்மை. ஆனால் அப்பா எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த பொறியாளர், தச்சு வேலையிலும் கைதேர்ந்தவர். வேலை முடிய ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆயின. அவர்களுக்கு எந்தக் கரோலுக்கும் அவசரம் இல்லை.

கழுத்தை ஏன் வாங்கச் சொல்கிறேன்? ஆறு கம்பிகளும் சுருதி கூட்டி நிற்கும்போது கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 45 கிலோ. அந்த இழுப்புக்குக் கழுத்து வளையவும் கூடாது, முற்றிலும் நேராகவும் நிற்கக் கூடாது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி, மில்லிமீட்டரில் நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குழிவு வைக்க வேண்டும். அதன் மேல் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டு) கணக்கு. 648 மில்லிமீட்டர் கம்பி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டுக்கு 36.37. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது ஃப்ரெட்டுக்கு 34.33. இப்படியே போனால் 12-வது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 324-ல் விழும். கணக்கு எளிதுதான். அந்தக் கோட்டில் வாளை இறக்கும்போது கை அரை மில்லிமீட்டர் விலகினால், மேல் ஃப்ரெட்டுகளில் கார்டு பிடிக்கையில் காதுக்கே தெரியும். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் பிழை கூடிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் நட்டிலிருந்துதான் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் பள்ளக் கட்டை) அளக்க வேண்டும். பிறகு 21 அல்லது 22 ஃப்ரெட்டுகளையும் ஒரே மட்டத்துக்கு அராவி, முதுகை உருட்டி, மெருகேற்ற வேண்டும். உடலில் ஓரம் 2 மில்லிமீட்டர் கோணினால் அது உங்கள் கைவண்ணம் என்று சொல்லிக்கொள்ளலாம். கழுத்தில் அந்தச் சலுகை இல்லை.

1950-ல் வந்த ஃபெண்டர் நிறுவனக் கிட்டார்களிலேயே கழுத்தைத் தனியாகச் செய்து நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டும் முறை இருந்தது. தொழிற்சாலைக்கு வசதியாகச் செய்தது இன்று உங்களுக்கும் வசதி. பின்னொரு நாள் நீங்களே ஒரு கழுத்தைச் செதுக்கிவிட்டால், இதைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டிக்கொள்ளலாம். ஆகவே கழுத்தை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் அடிப்பாகத்தை நேரில் அளந்து உடலைத் தொடங்குங்கள். பெரும்பாலும் 56 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். உங்கள் கையில் இருப்பது என்ன அளவோ அதுதான் கணக்கு.

இனி மரம். அயனி கிட்டாருக்கு ஆகுமா என்று உங்களுக்குள் ஒரு சந்தேகம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. தாராளமாக ஆகும். அயனிச்சக்கையைத் தின்று வளர்ந்த நமக்கு அதன் மரத்தைப் பற்றித் தாழ்வான எண்ணம் எதற்கு? வள்ளம் கட்டிய மரம் அது. தஞ்சாவூர் வீணைக்குக் குடம் குடையும் பலாவுக்கு நெருங்கிய உறவு. தேக்கைவிட எடையும் சற்றுக் குறைவு. தோளில் தொங்கவிட்டு ஆராதனை முழுக்க நிற்கிற உங்களுக்கு அது பெரிய ஆறுதல். வெளிநாட்டு ஆல்டர், ஆஷ் இருந்தால்தான் நாதம் வரும் என்று சொல்பவர்களுக்காகப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். திடமான உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைத் தீர்மானிப்பதில் பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) கம்பியும் கழுத்துப் பொருத்தமும் மரத்தின் பெயரைவிட வெகுதூரம் முன்னால் நிற்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

உத்திரத்தை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு காந்தத்தை நான்கு பக்கமும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பழைய உத்திரத்துக்குள் தலை ஒடிந்த ஆணிகள் புதைந்து கிடக்கும். ஒன்று மில் வாளில் பட்டால் மில்காரர் அடுத்த முறை உங்களை உள்ளே விடமாட்டார். ரூட்டர் (மரத்தைக் குடையும் சுழல் இயந்திரம்) பிட்டில் பட்டால் உங்கள் கண்ணுக்கே ஆபத்து. கனத்தை இரண்டாகப் பிளந்தால் இழைத்த பிறகு 45 மில்லிமீட்டர் நிற்கும் இரண்டு பலகைகள் கிடைக்கும். கிட்டார் உடலுக்கு 33 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்பதால் மூன்று துண்டுகளை ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டுப்போட்ட உடல் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஓரங்களை இழைப்புளியால் நேராக்கி, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் ஒளிக்கீற்று தெரியாத அளவுக்கு இழைத்துவிட்டு ஃபெவிகால் போட்டுக் கிளாம்ப் பூட்டினால், பிறகு அடித்து உடைத்தாலும் ஒட்டு விடாது, பக்கத்து மரம்தான் பிளக்கும். உங்கள் உத்திரத்தில் மூன்று உடல்களுக்கு மரம் இருக்கிறது.

அறுத்தவுடனே வேலையைத் தொடங்க வேண்டாம். கூரைக்குள் காய்ந்த மரம்தான், ஆனாலும் பிளந்ததும் உள்ளே அடங்கிக் கிடந்த இழுவிசை அவிழ்ந்து பலகை திரும்பும். நம் ஊரில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. ஆண்டில் பல மாதம் காற்றில் ஈரம் வற்றுவதில்லை. பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து, வெயில் படாத, காற்றோடும் இடத்தில் அடுக்குங்கள். வாரம் ஒரு முறை தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு உளியை எடுங்கள். புதிதாக வெட்டிய மரமாக இருந்தால் ஓர் அங்குல கனத்துக்கு ஓராண்டு என்று காத்திருக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

அந்தக் காத்திருப்பில் ஒரு வேலை இருக்கிறது. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் உடலின் வடிவத்தையும் கழுத்துக் குழி, பிக்கப் குழி ஆகியவற்றையும் வெட்டி அச்சு செய்துகொள்ளுங்கள். அந்த அச்சை வைத்து மலைவேம்பிலோ ரப்பர் மரத்திலோ ஓர் ஒத்திகை உடலை முழுமையாகச் செய்யுங்கள். ரூட்டரை வெளி ஓரத்தில் இடஞ்சுழியாகவும் குழிக்குள் வலஞ்சுழியாகவும் நகர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கக் கூடாது. மாற்றி நகர்த்தினால் இயந்திரம் கையைப் பறித்துக்கொண்டு ஓடும். இதையெல்லாம் உங்கள் கை பழகிக்கொள்ள வேண்டிய இடம் தாத்தாவின் மரம் இல்லை. கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். அயனித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும்.

அடுத்து, கழுத்தும் உடலும் சேரும் இடம். இங்கேதான் முதல் கிட்டார் செய்பவர்கள் பலர் கோட்டைவிடுகிறார்கள். உடலின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோட்டைக் கூர்மையான பென்சிலால் இழுங்கள். வேலை முடியும்வரை அந்தக் கோடு அழியக் கூடாது. உப்புத்தாள் போட்டு அழிந்தால் உடனே திரும்ப இழுக்க வேண்டும். கழுத்துக் குழியின் ஆழம் 16 மில்லிமீட்டர். அகலத்தைக் கொஞ்சம் இறுக்கமாகவே வெட்டிவிட்டு, கூரான உளியால் பக்கங்களைச் சுருள் சுருளாகச் சீவிச் சீவிக் கழுத்தை உள்ளே இறக்கிப் பாருங்கள். திருகாணி எதுவும் போடாமல் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் உடலும் கூடவே தொங்கிக்கொண்டு வர வேண்டும். அது சரியான இறுக்கம்.

பிறகு இரண்டு தையல் நூல்களை எடுங்கள். நட்டின் முதல் பள்ளத்திலிருந்து ஒன்று, ஆறாவது பள்ளத்திலிருந்து ஒன்று. பிரிட்ஜை (உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி) திருகாமல் உடல்மேல் சும்மா வைத்து, நூல்களை அதில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் கட்டைகள் வரை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். இப்போது கடைசி ஃப்ரெட்டுக்கு நேர் மேலே குனிந்து பாருங்கள். நூலுக்கும் கழுத்தின் ஓரத்துக்கும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா? ஒரு பக்கம் குறைவாக இருந்தால் வாசிக்கும்போது அந்தப் பக்கத்துக் கம்பி ஃப்ரெட்டை விட்டு நழுவி விழும். பிரிட்ஜை மயிரிழை தள்ளிப் பாருங்கள், கழுத்தைச் சற்றே திருப்பிப் பாருங்கள். இரண்டும் ஒத்து வந்த பிறகு கழுத்தை கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்தி, அதன் பிறகே துளை போடுங்கள். நீளத்துக்கு, நட்டிலிருந்து முதல் கம்பியின் கட்டை வரை 648. அந்தக் கட்டையைத் திருகி ஏறக்குறைய முன்கோடியில் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். ஏனென்றால் தடித்த கம்பிகளின் கட்டைகள் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் பின்னால் போனால்தான் சுருதி சேரும். பின்னால் போக இடம் வேண்டுமல்லவா? திருகாணிகளுக்குச் சன்னமான முன்துளை இட்டு, மரையில் கொஞ்சம் மெழுகு தடவி இறக்குங்கள். அயனியில் முரட்டுத்தனமாகத் திருகினால் தலை ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும்.

பிரிட்ஜ் அசையாத வகையாக இருக்கட்டும். ட்ரெமலோ வேண்டாம், முதல் கிட்டாருக்கு அது தேவையில்லாத தலைவலி. உங்கள் ஊர் கடலுக்கு அருகே என்பதால் முலாம் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். உப்புக்காற்று மலிவான இரும்பை ஒரு மழைக்காலத்திலேயே தின்றுவிடும்.

பூச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மழை நாளில் லாக்கர் அடித்தால் பால் போல வெளுத்துப்போகும். ஜனவரிக்குப் பிறகு, காற்று காய்ந்திருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். அயனியின் பொன்னிறத்தைப் பெயிண்ட் போட்டு மறைக்காமல் எண்ணெய்ப் பூச்சோடு விட்டால் எனக்கு மகிழ்ச்சி. இதிலிருந்தே டிசம்பர் கரோலுக்கான பதில் கிடைத்திருக்கும். இந்த டிசம்பருக்குப் பழைய கிட்டாரோடு போங்கள்.

மின்வேலை உங்களுக்குக் கடினமாக இருக்காது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஒரே ஒரு ஹம்பக்கர், ஒரு வால்யூம், ஒரு டோன் போதும். ஹம்பக்கரில் எதிரெதிராக இயங்கும் இரண்டு சுருள்கள் இருப்பதால் டியூப்லைட், வயரிங் கொடுக்கும் இரைச்சல் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். இரண்டு குமிழ்களுக்கும் 500 கிலோ ஓம், டோனுக்கு 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். குழிகளின் உட்புறத்தில் செம்புத் தாளை ஒட்டுங்கள். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஓர் எர்த் கம்பி வால்யூம் குமிழின் முதுகுக்கு வர வேண்டும். தொடங்குபவர்கள் மறப்பது இதைத்தான். கம்பிகளைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் இணைப்பு சரி. தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறீர்கள்.

அந்த எர்த் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் வழியாகக் கிட்டாரின் எல்லாக் கம்பிகளும் ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டியோடு சேர்ந்துவிடுகின்றன. பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், உள்ளே எர்த் வயர் இருக்காது. ஆம்ப்ளிஃபையரில் கசிவு ஏற்பட்டால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டு நிற்கும் பாடகரின் உடல் வழியாக மின்சாரம் பாயும். பாடிக்கொண்டே வாசிப்பவர் நீங்கள். அதனால் உங்கள் வீட்டிலும் கோவிலிலும் எர்த் வேலை செய்கிறதா என்று ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள். கரோலுக்குப் போகும் வீடுகளில் மைக்குக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து மின்சாரம் எடுங்கள். அதையும் எர்த் உள்ள பிளக்கில் மட்டுமே செருகுங்கள்.