ஒப்பந்தம் ஒன்றே போதுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலை என்பது இருவர் மனமொப்பிச் செய்யும் ஒப்பந்தம், மீறினால் நஷ்டஈடு கேட்க இங்கிலாந்து வழிவந்த, நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த பொதுச்சட்டக் கோட்பாடுகளே போதும், தொழிலாளர்களுக்கென்று தனிச்சட்டங்கள் தேவையில்லை என்கிறார் வழக்கறிஞரான என் நண்பர். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகர், ஓசூர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பரின் வாதம் பழையது. அது ஏற்கெனவே நடைமுறையில் இருந்து பார்க்கப்பட்டதும்கூட. 1837இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பிரீஸ்ட்லி வழக்கிலிருந்து வளர்ந்த கோட்பாட்டின்படி, உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவால் ஒருவர் காயமுற்றால் முதலாளி பொறுப்பாளி ஆகமாட்டார். கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியில் கிரேன் ஓட்டுபவரின் பிழையால் கீழே நிற்பவர் மீது கல் விழுந்தால், வேலைக்குச் சேர்ந்தபோதே அந்த ஆபத்தையும் அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதே அதன் பொருள். இங்கே 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், முதலாளியின் அந்த எதிர்வாதத்தையே நீக்கிய 1938ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

சங்கங்களின் கதையும் இதுவே. சென்னை பின்னி ஆலைத் தகராறில், ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று தொழிற்சங்கத் தலைவர் பி. பி. வாடியா முதலியோர் மீது நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றது. அந்த அனுபவத்தின் பின்னணியில் வந்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் அத்தகைய வழக்குகளிலிருந்து சங்கங்களுக்குப் பாதுகாப்பு அளித்தது.

வேலைநீக்கத்தில்தான் வேறுபாடு கூர்மையாகிறது. விருப்பமில்லாத முதலாளியிடம் ஒருவரைத் திரும்ப வேலைக்கு அமர்த்தப் பொதுச்சட்டம் பொதுவாக உத்தரவிடாது. பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளமே கிடைக்கும். தொழில் தகராறுகளை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயமோ ஒப்பந்தத்தைத் தாண்டியும் மீண்டும் வேலை வழங்க ஆணையிடலாம் என்று, உச்ச நீதிமன்றத்துக்கு முன்னோடியான ஃபெடரல் நீதிமன்றம் 1949இல் சொன்னது. முதலாளி தந்த தண்டனை மிகையா என்று தீர்ப்பாயம் ஆராயும் அதிகாரம் 1971இல் சட்டத்தில் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது.

இதில் உங்களுக்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், மேற்பார்வை வேலையில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் பெறுபவரைத் தொழிலாளியாகக் கொள்ளவில்லை. அதற்கு மாற்றாக வந்த 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அவ்வரம்பை 18,000 ஆக்கியது. பதவிப் பெயரைவிட உண்மையில் செய்யும் வேலையே இதில் கணக்கு என்றாலும், அந்த வரையறைக்கு வெளியே நீங்கள் இருந்தால், வேலை போகும் நாளில் நண்பர் போதும் என்று சொல்லும் சட்டம் மட்டுமே உங்களுக்கு மிஞ்சும். உங்கள் பணி நியமன ஆணையில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அதை நண்பரிடமும் காட்டுங்கள்.