குறைக்கும் அதிகாரம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரசின் செலவுக்கும் விதிமுறைகளுக்கும் வரம்பு கட்டச் சொல்லி மக்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்க வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசுக்குச் சங்கடமாக இருந்தது. நான் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவன். இலவச பஸ் பாஸில் போய்த்தான் பிளஸ் டூ முடித்தேன். அம்மா இன்றும் ரேஷன் அரிசியில்தான் சமைக்கிறார். செலவைக் குறை என்றால் முதலில் கை வைப்பது எங்கள் தட்டில்தானே? விதிமுறையும் அப்படித்தான். எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து சேர்ந்து கிணறெல்லாம் கெட்டது. விதி இருந்தே இந்தக் கதி. அதுவும் இல்லையென்றால்? வரம்பு கட்டுவதெல்லாம் வசதி உள்ளவர்கள் பேச்சு என்றே எனக்குப் படுகிறது. தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

அடுத்த மாதம் எங்கள் எம்.எல்.ஏ. ஊருக்கு வருகிறார். நீங்கள் சொல்கிறபடி கேட்பதென்றால், அவரிடம் என்னதான் கேட்பது?

ம.,
ஈரோடு

*

அன்புள்ள ம.,

மன்னிப்பெல்லாம் எதற்கு? உங்கள் பயம் நியாயமானது. சிக்கனம் என்று அரசு கிளம்பும்போதெல்லாம், எதிர்த்துக் கேட்க ஆளில்லாத இடத்தில்தான் முதல் வெட்டு விழுகிறது. அதை நானும் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் அதை விரித்து நடத்திய சத்துணவும் இந்த மாநிலம் செய்த மிக நல்ல செலவுகள். அதில் ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். நான் வரம்பு கேட்பதே அந்தத் தட்டுக்காகத்தான்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தன் நிதிநிலையைப் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அரசின் கடனைப் பங்கு போட்டால் ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் என்று அதில் இருந்தது. உங்கள் அம்மா எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை, ஆனாலும் அந்தக் கடனில் அவருக்கும் பங்கு உண்டு. ஒன்றிய அரசின் 2025-26 பட்ஜெட்டைப் பாருங்கள். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. ரூபாய்க்கு நாலணா வட்டிக்கே போகிறது. அணை கட்டவும் ரயில் பாதை போடவும் கடன் வாங்கலாம், பேரப்பிள்ளைகளும் அனுபவிப்பார்கள். அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்குவது மளிகைக்கடையில் கணக்கு ஏற்றுகிற மாதிரி. அரிசி தீர்ந்துபோகும், பாக்கி நிற்கும். வருவாய்ப் பற்றாக்குறை என்று பட்ஜெட்டில் சொல்வது இதைத்தான். பிற்பாடு கையைக் கடிக்கும்போது முட்டையையும் பஸ் பாஸையும்தான் எடுப்பார்கள். வட்டியை யாராலும் நிறுத்த முடியாது.

சரி, இதை ஏன் சட்டமன்ற உறுப்பினரிடம் போய்க் கேட்க வேண்டும்? அரசின் பணப்பெட்டிச் சாவி அவர் கையில் இருப்பதால்தான்.

நம் அரசியல் சாசனத்தின் 203-ஆவது பிரிவை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு துறையும் தனக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று பேரவை முன் வந்து நிற்க வேண்டும். அதுதான் மானியக் கோரிக்கை. பேரவை அதற்குச் சம்மதிக்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைத்துச் சம்மதிக்கலாம். கூட்டிக் கொடுக்க அதிகாரம் இல்லை. மக்களவைக்கு 113-ஆவது பிரிவும் இதையேதான் சொல்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உறுப்பினர்களை எதற்கு அனுப்புகிறோம்? எங்கள் ஊருக்கு அதைக் கொண்டு வா, இதைக் கொண்டு வா என்று அனுப்புகிறோம். மானியக் கோரிக்கையில் சாசனம் அவர்கள் கையில் கொடுத்திருப்பதோ குறைக்கிற அதிகாரமும் மறுக்கிற அதிகாரமும்தான். மாநிலம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்று வரம்பு போடும் அதிகாரமும் 293-ஆவது பிரிவின்படி சட்டமன்றத்துக்கு உண்டு. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. இருக்கிற வேலையைச் செய்யுங்கள் என்கிறேன்.

நடப்பது என்ன? 2023 மார்ச் 23 அன்று, அவையில் கூச்சல் நடந்துகொண்டிருக்க, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான ஒன்றிய பட்ஜெட்டை மக்களவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. நம் பேரவையில் துறைவாரியாக விவாதம் நடக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் அங்கேயும், “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க” என்று பேரவைத் தலைவர் கேட்கும்போது ஆளும் கட்சி வரிசையிலிருந்து இல்லை என்ற குரல் வராது. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா போடும் உத்தரவை மீறினால் பதவியே போய்விடலாம். அவர்களுடைய சிரமம் புரிகிறது. ஆனால் கேள்வி கேட்டால் பதவி போகாது. அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் உட்கார்ந்து தணிக்கை அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் போகாது.

இனி விதிமுறைக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு.

என் தாத்தா நகை செய்கிற பத்தர். வீட்டுத் திண்ணைதான் பட்டறை. ஓட்டில் உமியும் கரியும் கனன்றுகொண்டிருக்கும், ஊதுகுழல் எப்போதும் கை எட்டுகிற இடத்தில் இருக்கும். 1962-இல் சீனப் போர் வந்தது. அந்நியச் செலாவணி இல்லை, தங்கமோ கடத்தலில் வந்துகொண்டிருந்தது. நிதியமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். இனி 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று விதி. அதாவது நூற்றுக்கு 58 பங்குதான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். நாட்டுக்கு நல்லது நினைத்துச் செய்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 22 காரட்டில் பழகிய கைக்கு அந்த உலோகம் படியவில்லை. கம்பி மட்டத்தில் இழுத்தால் பாதியில் அறுந்துவிடும் என்று அப்பா சொல்வார். தாலிக்குப் போய் யார் 14 காரட் கேட்பார்கள்? வேலை நின்றது. தாத்தா உமி ஓட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மரக்கடையில் கணக்கு எழுதப் போனார். மூச்சு முட்ட ஊதிப் பழகியவர், நாளெல்லாம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவராவது பிழைத்தார். நாடு முழுக்க எத்தனையோ பொற்கொல்லர்கள் தொழிலை இழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 14 காரட் விதியை 1966-இல் தளர்த்தினார்கள். 1968-இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாகவே வந்தது. உரிமம், கணக்குப் புத்தகம், சோதனை என்று அது 1990 வரை ஓடியது. அத்தனை வருஷமும் கடத்தல் நிற்கவில்லை. சட்டத்தை எடுத்த பிறகு நாடு ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை.

பலன் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு விதி இருபத்தேழு வருஷம் எப்படி உயிரோடு இருந்தது? ‘இது இன்னும் வேண்டுமா’ என்று அவையில் விடாமல் கேட்க ஆளில்லை. என் தாத்தாவுக்காகக் கேட்க யாருமில்லை.

உங்கள் கிணற்றைக் கெடுத்தது விதி இல்லாமை இல்லை, ம. நீங்களே சொல்கிறீர்கள், விதி இருந்தது. கடைசியில் 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டிவந்தது. அடுத்தவன் தண்ணீரில் நஞ்சைக் கலக்காதே என்ற விதி இருக்க வேண்டும், இன்னும் கறாராக இருக்க வேண்டும். மாவு மில்லுக்கும் பேக்கரிக்கும் படிவம் சரிபார்ப்பதிலேயே பொழுது போகும் அலுவலகத்தில் ஆற்றைப் போய்ப் பார்க்க ஆள் ஏது? வேண்டாத பத்தைக் கழித்தால்தான் வேண்டிய ஒன்றுக்கு அதிகாரிக்கு நேரம் கிடைக்கும். கழிக்க முடியும் என்பதும் தெரிந்திருக்கிறது. 2,500 சதுர அடி மனைக்குள் வீடு கட்டுபவர்களுக்கு 2024 ஜூலையில் தமிழகத்தில் சுயசான்று முறை வந்தது. அலுவலகப் படி ஏறாமல் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம்.

ரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை. 1952-இல் ராஜாஜி முதலமைச்சராக வந்ததும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அரிசியை இஷ்டப்படி விற்கவோ கொண்டுபோகவோ முடியாதபடி போர்க்காலத்திலிருந்து இருந்துவந்த தடை அது. பஞ்சம் வரும் என்று பலர் பயந்தார்கள், வரவில்லை. அவர் எடுத்தது அந்தத் தடையைத்தான். உங்கள் அம்மா வாங்குவது அரசு தரும் அரிசி. தருவது வேறு, தடுப்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறவர்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை. (அதே ராஜாஜிதான் மதுவிலக்கின் நஷ்டத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தவர். செலவுக்கு வழி சொல்லாமல் செலவு செய்யக்கூடாது என்று நினைத்த மனிதர் அவர்.)

எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்பது என்றீர்களே. கூட்டத்தில் மைக் பிடித்துக் கேட்க வேண்டாம், தப்பித்துப் போய்விடுவார். இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மனுவாகவே கொடுங்கள். போன மானியக் கோரிக்கையின்போது எந்தத் துறையின் செலவைப் பற்றி என்ன கேள்வி கேட்டீர்கள் என்று கேளுங்கள். நம் தொகுதியில் கட்டிப் பூட்டிக்கிடக்கிற கட்டடம் ஏதாவது இருந்தால், அதன் பேரைப் போட்டு, அதற்கு ஆன செலவைப் பேரவையில் கேட்பீர்களா என்று எழுதுங்கள். அப்புறம், உங்கள் ஊர் டீக்கடைக்காரரிடமும் விசைத்தறிக்காரரிடமும் நீங்களே போய், ஒரு வருஷத்தில் எத்தனை உரிமம் புதுப்பிக்கிறார்கள், அதற்கு எத்தனை நாள் போகிறது என்று கேட்டு, அந்தக் கணக்கை மனுவோடு இணையுங்கள். அதில் எதை எடுக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். சத்துணவைத் தொடக்கூடாது என்பதை மனுவின் முதல் வரியாகவே போடுங்கள்.

அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.