பின்காப்புச் சண்டைய சின்ன போர்டு கேமா எப்படி டிசைன் பண்றது?

ரெண்டு பக்கமும் சமமா காய் வைக்கிறதா கேள்வியில சொல்லியிருக்கீங்க. பின்காப்புன்னா மெயின் படை தப்பிக்கிறதுக்காக ஒரு சின்ன படை பின்னாடி நின்னு எதிரிய தடுக்கிறது; சமமா காய் வச்சா அது பின்காப்பே இல்லீங்க, சாதா சண்டை ஆயிடும். நான் எடுத்துக்குவேன்னா 1805 நவம்பர் 16, ஆஸ்திரியால ஷோன்கிராபர்ன். ரஷ்யத் தளபதி குதுசோவ் மெயின் படையோட ஸ்நைம் ஊர் பக்கம் தப்பிச்சுப் போகணும், அதுக்காக அவருக்குக் கீழ இருந்த ஜெனரல் பக்ராத்தியோன் சுமார் 7,000 பேர வச்சு பிரெஞ்சு மார்ஷல் முராவோட பெரிய படைய தடுத்து நிக்கிறாரு.

இங்க ஜெயிக்கிறது ஆள கொல்றதுல இல்ல, நேரத்துல. அதனால 8 டர்ன் வச்சு, கடைசில எத்தனை ரஷ்யக் காய் மேப்ப விட்டு வெளிய போச்சுன்னு மட்டும் பாயிண்ட் குடுங்க, ஆனா சீக்கிரமே ஓடிட்டா பிரெஞ்சுக்கு பாயிண்ட், இல்லன்னா ரஷ்யா ஆடுறவரு முதல் டர்ன்லயே கெளம்பிடுவாரு!

முரா ஏமாந்து போர்நிறுத்தத்துக்கு ஒத்துக்கிட்டாரு, நெப்போலியன் கோவமா கடிதம் அனுப்பினப்புறம்தான் சாயங்காலம் அடி ஆரம்பிச்சுது. இத டைஸ்ல விடுங்க, 5 இல்ல 6 விழுந்தாதான் பிரெஞ்சு அட்டாக் பண்ணலாம், மூணாவது டர்ன்ல தானா தொடங்கிடும். ரஷ்ய பீரங்கி ஷோன்கிராபர்ன் ஊர கொளுத்திவிட்டதால அந்த ஹெக்ஸ் (மேப்ல இருக்கிற அறுகோணக் கட்டம்) ரெண்டு டர்னுக்கு மூடல். இருட்டினதும் பீரங்கி ரேஞ்ச பாதியாக்குங்க.