ஏலம் இல்லாத குளிர்காலம்

வணக்கம்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இந்தக் குளிர்காலத்துக்கு சியாட்டிலில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கு பேஸ்பால் பைத்தியம். சீசன் நவம்பர் 1 அன்றே முடிந்துவிட்டதாம், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டொரண்டோவைத் தோற்கடித்து கோப்பையை எடுத்தார்களாம். அதற்கப்புறம்தான் அவன் போனை அதிகமாக நோண்டுகிறான். யார் எந்த அணிக்குப் போகிறார், யார் யாருடன் சாப்பிட்டார் என்று காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே வதந்தி. ஆட்டமே இல்லாத காலத்தில் இவ்வளவு பேச்சு எதற்கு? நம் ஐபிஎல் ஏலம் இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. இவர்கள் ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறார்கள்? ஒரு பேட்டருக்கு 76.5 கோடி டாலர் என்கிறானே, அது நிஜமான பணம்தானா? நம்மூர் ஆள் யாராவது அங்கே ஆடியிருக்கிறாரா? பேரனிடம் நான் திருப்பிக் கேட்க ஏதாவது விஷயம் சொன்னீர்கள் என்றால் புண்ணியமாகப் போகும்.

எஸ்.எம்.

அன்புள்ள எஸ்.எம்.,

ஐபிஎல் ஏலத்தை நீங்களே இழுத்துவிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த பெரிய ஏலத்தில் ரிஷப் பந்தை லக்னோ அணி 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. சுத்தியல் விழுந்தது, கதை முடிந்தது. லக்னோவில் ஆட விருப்பமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஏலத்துக்குப் பெயர் கொடுத்தபோதே சம்மதித்துவிட்டார் என்று கணக்கு. அதே ஏலத்தில் டெல்லி எடுத்த இங்கிலாந்தின் ஹாரி புரூக், பிறகு வரவில்லை என்று சொன்னதும் அவருக்கு இரண்டு சீசன் தடை விழுந்தது. இரண்டு நாளில் வேலை முடிகிறதென்றால் அதற்குக் காரணம் ஆட்டக்காரர் வாய் திறக்க அங்கே இடமே இல்லை என்பதுதான்.

அமெரிக்க பேஸ்பாலில் ஏலம் கிடையாது. உச்சப் போட்டியான மேஜர் லீகில் ஆறு ஆண்டுகள் ஆடி முடித்து, ஒப்பந்தமும் தீர்ந்துவிட்டால் ஆட்டக்காரர் ‘ஃப்ரீ ஏஜென்ட்’. முப்பது அணிகளில் யாருடன் வேண்டுமானாலும் பேசலாம், யாரை வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். இந்த தேதிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்ற கெடு இல்லை. ஐபிஎல் போல ஓர் அணி மொத்தம் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற கடுமையான வரம்பும் இல்லை. ஓர் அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவே. பேரம் பிப்ரவரிவரை இழுக்காமல் என்ன செய்யும்? மனைவிக்கு ஊர் பிடிக்குமா, அணி ஜெயிக்குமா, மாநில வருமான வரி எவ்வளவு என்று ஒரு மனிதன் உட்கார்ந்து யோசிக்கிறான். அந்த யோசனை நேரத்தில்தான் உங்கள் பேரன் படிக்கும் வதந்திகள் முளைக்கின்றன.

முன்பெல்லாம் இப்படி இல்லை. 1970களின் நடுப்பகுதிவரை எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு ஷரத்து உண்டு. ஆட்டக்காரர் அடுத்த ஆண்டுக்குக் கையெழுத்து போடாவிட்டால், அணி பழைய ஒப்பந்தத்தையே இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம். நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே ஷரத்து இருக்கிறது, ஆகவே மறுபடி நீட்டிக்கலாம் என்பது முதலாளிகள் வாதம். கந்துவட்டிக்காரன் பத்திரம் மாதிரி, முடிவே கிடையாது. அணியாகப் பார்த்து விற்றால் போகலாம். 1919 டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதலாளி பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றது அப்படித்தான்.

அந்த நாளில் குளிர்காலம் வந்தால் ஆட்டக்காரர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். 1949-ல், மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிய ஜாக்கி ராபின்சன், அந்தக் குளிர்காலத்தில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு கடையில் டெலிவிஷன் பெட்டி விற்றார். யாங்கீஸ் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) யோகி பெர்ராவும், ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் ஃபீல்டிங் செய்த ஃபில் ரிசூட்டோவும் நியூவர்க்கில் ஆண்கள் துணிக்கடையில் நின்றார்கள். (பெர்ரா எடுத்துக் கொடுத்த சூட்டை வாங்கிப் போனவர் அதை எத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி மாய்ந்திருப்பார்!) பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ரிச்சி ஹெப்னர் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார். அது 1970களில், அவர் அணி கோப்பையை எடுத்த காலத்தில்.

இதை உடைக்கக் கிளம்பியவர் கர்ட் ஃபிளட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குப் பன்னிரண்டு சீசன் ஆடியவர், நடு அவுட்ஃபீல்டில் ஆடி ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருதை ஏழு முறை வாங்கியவர், ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம். 1969 அக்டோபரில் ஒரு விடிகாலையில் போன் வருகிறது: உங்களை பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டோம். அவர் போகவில்லை. டிசம்பர் 24 அன்று பேஸ்பால் கமிஷனர் பௌவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து அல்ல என்பதுதான் அதன் சாரம். அவர் கறுப்பர், சிவில் உரிமைப் போராட்டக் காலம், ‘விற்கவும் வாங்கவும்’ என்று அவர் எழுதியதன் பொருள் யாருக்கும் புரியாமல் போகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1972-ல் 5-3 என்று தோற்றார். விசாரணையில் ஜாக்கி ராபின்சன் வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. எனக்கு இந்தக் கதையில் தோல்வியைவிட இதுதான் உறுத்துகிறது. ஃபிளட் 1970 முழுக்க ஆடவில்லை. 1971-ல் வாஷிங்டன் அணிக்கு 13 ஆட்டம் ஆடிவிட்டு விலகினார்.

கதவு வேறு பக்கமாகத் திறந்தது. ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) 1975-ல் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து போடாமலே ஆடினார்கள். ஓராண்டு நீட்டித்தாயிற்று, இனி நாங்கள் சுதந்திரம் என்றார்கள். மெக்நாலி பாதி சீசனிலேயே ஆட்டத்தை விட்டு மொன்டானாவுக்கு, சொந்த ஊருக்குப் போய்விட்டவர். தீர்ப்பால் அவருக்குச் சல்லிக்காசு லாபமில்லை. வழக்கைக் கெடுக்க அவருடைய அணி அவரைத் தேடிப்போய், மறுபடி கையெழுத்து போட்டால் நல்ல தொகை தருகிறோம் என்றது. மாட்டேன் என்றுவிட்டார். 1975 டிசம்பர் 23 அன்று தகராறைத் தீர்க்க வைத்திருந்த நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பு சொன்னார்: ஓராண்டு என்றால் ஓராண்டுதான். முதலாளிகள் உடனே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஆனாலும் தீர்ப்பு நின்றது, அடுத்த ஆண்டே ஆறு ஆண்டு விதி வந்தது.

சரி, வதந்திக்கு வருவோம். அதில் பாதி, ஆட்டக்காரருக்காகப் பேரம் பேசும் ஏஜென்ட்டுகள் விலையை ஏற்ற விடும் கதை என்பது என் கணிப்பு. ‘பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு அணியும் போட்டியில் இருக்கிறது’ என்ற வரியைப் பார்த்தால் பேரனைச் சிரிக்கச் சொல்லுங்கள். ஆனால் 2023 டிசம்பர் 8 மாதிரி ஒரு நாள் எப்போதாவதுதான் வரும். ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி எந்த அணிக்குப் போவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் டொரண்டோ போய்க்கொண்டிருக்கிறார் என்று ஒரு நிருபர் செய்தி போட்டார். கலிபோர்னியாவின் சான்டா ஆனாவிலிருந்து டொரண்டோவுக்கு ஒரு தனி விமானம் பறப்பதை இணையத்தில் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கானோர் அந்தப் புள்ளி வரைபடத்தில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொரண்டோவில் ஆடிய ஜப்பானிய பிட்சர் ஒரு சூஷி உணவகத்தையே மொத்தமாகப் பதிவு செய்துவிட்டார் என்று இன்னொரு வதந்தி. விமானம் இறங்கியது. உள்ளேயிருந்து வந்தவர் ராபர்ட் ஹெர்ஜவெக் என்ற கனடா தொழிலதிபர், குடும்பத்தோடு. ஓட்டானி தன் வீட்டில் இருந்தார். மறுநாள் இன்ஸ்டாகிராமில், டாட்ஜர்ஸ் என்று அவரே அறிவித்தார். டொரண்டோ அதை மறக்கவில்லை; 2025 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் பேட் பிடித்து நின்றபோது, நீ எங்களுக்குத் தேவையே இல்லை என்று அரங்கமே கத்தியது. தொடர் முடிவு உங்களுக்குத் தெரியும்.

ஓட்டானியின் ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலர். வங்கிக்காரரான உங்களுக்கு இது பிடிக்கும்: ஆடும் காலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான் கைக்கு வரும். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல். இன்றைய மதிப்பில் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆகவே ‘நிஜமான பணமா’ என்ற கேள்வி ஓட்டானி விஷயத்தில் நியாயமானது. பேரன் சொன்ன 76.5 கோடி ஹுவான் சோட்டோவுடையது. 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் கொடுத்தது, பதினைந்து ஆண்டுக்கு, தள்ளிவைப்பு எதுவும் இல்லாமல். 6,000 கோடி ரூபாய்க்கு மேல். அது நிஜம்தான். கையெழுத்திட்டபோது சோட்டோவுக்கு வயது 26. கடைசி ஆண்டுகளில் நாற்பதைத் தொட்டவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கோடி டாலர் என்பது, என்னைக் கேட்டால், ஹெட்ஜ் ஃபண்டில் சம்பாதித்த ஒரு முதலாளியின் ஆசைக்கான விலை.

ஆனால் முதல் ஆறு ஆண்டுகளில் ஆட்டக்காரர் இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 2025-ல் நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். அந்த ஆண்டு அவர் சம்பளம் 8,75,000 டாலர். ஓட்டானியும் சோட்டோவும் தலைப்புச் செய்தியாகும்போது இந்தக் கணக்கு மறைந்துபோகிறது. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. போன முறை, 2021 டிசம்பரில், முதலாளிகள் 99 நாள் ஆட்டக்காரர்களுக்குக் கதவை அடைத்தார்கள். அப்போது அணிகளின் இணையதளங்களிலிருந்து ஆட்டக்காரர்களின் படங்களைக்கூட எடுத்துவிட்டார்கள்.

நம்மூர் ஆள் என்றால், இந்தியாவிலிருந்தே கிளம்பி மேஜர் லீக்வரை போனவர் இல்லை, ஆனால் அருகில் போனவர்கள் உண்டு. உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்துகொண்டிருந்த பையன்கள். 2008-ல் ஒரு பந்து வீச்சுப் போட்டியில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்து, அந்த நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுடன் கையெழுத்து போட்டார்கள். பைரேட்ஸின் கீழ்நிலை அணிகளில் ஆடிய ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போய் வீர் மஹான் ஆனார்.

பேரனிடம் கேட்க, சியாட்டில்காரனுக்கு ஏற்றதாகவே தருகிறேன். 2000 டிசம்பரில் சியாட்டில் மரைனர்ஸின் நட்சத்திரம் அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஃப்ரீ ஏஜென்டாகி டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குப் போனார், பத்து ஆண்டுக்கு 25.2 கோடி டாலர். ஊரே திட்டியது. அதே குளிர்காலத்தில் ஜப்பானிலிருந்து இச்சிரோ வந்தார். அவர் சுதந்திரமாக வரவில்லை. அவருடன் பேசும் உரிமைக்காக சியாட்டில் அவருடைய ஜப்பானிய அணிக்கு 1.3 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது, வேறு அணியோடு அவர் பேசவே முடியாது. அடுத்த சீசனில் எந்த அணி எத்தனை ஜெயித்தது? சியாட்டில் 116. டெக்சஸ் 73, பிரிவில் கடைசி.

அவன் அதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிட்டால் அடுத்ததைக் கேளுங்கள். 2003 டிசம்பரில் ரோட்ரிகஸ் பாஸ்டனுக்கு மாற ஏற்பாடாகிவிட்டது. அதற்காகத் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளவும் அவர் தயார். யார் தடுத்தது? அவருடைய சங்கமே. ஒருவர் தன் ஒப்பந்தத்தின் மதிப்பைக் குறைத்தால் நாளை எல்லோரையும் குறைக்கச் சொல்வார்கள் என்றது. தனி மனிதனின் ‘சரி’யையும் சங்கம் ‘இல்லை’ ஆக்கலாம் என்பது ஃபிளட் காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திராத திருப்பம். சங்கம் செய்தது சரி என்றே நினைக்கிறேன், ஆனால் பாஸ்டன்காரர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் யாங்கீஸின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் ஆரோன் பூன், குளிர்காலத்தில் சும்மா இருக்க முடியாமல் கூடைப்பந்து ஆடி முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். ஒப்பந்தம் கூடைப்பந்து கூடாது என்கிறது. உடற்பயிற்சியில் அடிபட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் 57.5 லட்சம் டாலர் தப்பியிருக்கலாம். உண்மையைச் சொன்னார், அணி அவரைக் கழற்றிவிட்டது. அவர் அடிபட்டதால் காலியான இடத்துக்குத்தான் 2004 பிப்ரவரியில் யாங்கீஸ் ரோட்ரிகஸைக் கொண்டுவந்தது. அந்த அக்டோபரில் பாஸ்டன், ஏழு ஆட்டத் தொடரில் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கி, மீதி நான்கையும் தொடர்ந்து ஜெயித்து, 1918-க்குப் பிறகு முதல் கோப்பையையும் எடுத்தது.

அப்படிக் கழற்றிவிடப்பட்ட பூனுக்கு அதே யாங்கீஸ் பிறகு என்ன வேலை கொடுத்தது என்று கேளுங்கள். 2018 சீசனிலிருந்து அவர்தான் அந்த அணியின் மேனேஜர், நம் கிரிக்கெட்டின் தலைமைப் பயிற்சியாளர் மாதிரி.